பக்கத்தைத் திருப்பாமல் வாசித்த கதை

என் கட்டுரை வேண்டாம் என்பதைப் பத்திரிகை ஆசிரியர் கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அது அவர் குற்றமில்லை, அருவியின் குற்றம்.

சீசன் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. குற்றாலம் பேரருவிக்கு எதிரே, பெண்கள் குளித்துவிட்டு வெளியே வரும் பக்கமாகக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எண்ணெய் வாடையும் ஈரத்துணி வாடையும் சுற்றி அடித்தன. சாரலுக்குப் பயந்து போனைப் பாலிதீன் பையில் போட்டுப் பையோடு காதில் வைத்திருந்தேன்.

"இசக்கி, கட்டுரை படிச்சேம்மா."

"சொல்லுங்க சார்."

"நல்லா எழுதியிருக்க. ஆனா..."

ஆனாவுக்குப் பிறகு தண்ணீர் விழும் சத்தம்தான் கேட்டது.

"சார், கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"யார் எழுதினதுன்னே தெரியலம்மா!"

"நான்தான் சார் எழுதினேன்!"

"அது எனக்குத் தெரியும்! படிச்சா தெரியலங்கறேன்! டூர் வந்தவங்க எழுதின மாதிரி இருக்கு!"

"என்ன சார்?"

"டூர்! டூர் வந்தவங்க!"

பக்கத்தில் சீப்பும் ஷாம்பு பாக்கெட்டும் விற்றுக்கொண்டிருந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா அது, புருசனா?"

"இல்லக்கா, எடிட்டர்."

"யாரா இருந்தா என்ன, பொம்பளப் பிள்ளைகிட்ட இப்படியா கத்துவாவ? போன வையி."

வைக்க முடியவில்லை. அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். காற்று அந்த நேரம் பார்த்துத் திசை மாறியதோ என்னவோ, கடைசியாகச் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. "இன்னும் ஒரே ஒரு தடவை எழுதி அனுப்பு. வியாழக்கிழமைக்குள்ள. இல்லேன்னா அந்தப் பக்கத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவேன்."

(இதை ஆசிரியர் வெட்டமாட்டார் என்று நம்புகிறேன். அவரைக் கத்த வைத்தது நான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.)

அப்பா சொல்லி வைத்த கட்டு

இந்தத் தொடர் எப்படி ஆரம்பித்தது என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அந்தப் பாலிதீன் பையில்தான் ஆரம்பித்தது. அதற்கும் கொஞ்சம் முன்னால் போனால், என் வாயில் ஆரம்பித்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா தென்காசி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். அம்மா பீடி சுற்றுகிறவள். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. நான் பட்டம் வாங்கி, குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருக்கிறேன்.

ஆசிரியர் முதன்முதலில் என்னிடம் சொன்னது, "ஒண்ணு ரெண்டு எழுதிப் பாரு, சரியா வந்தா தொடராப் போடலாம்" என்பதுதான். நான் வீட்டில் சொன்னது, "என் தொடர் வரப்போகுது" என்று.

அப்பா மறுநாளே மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புத்தகக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம், "எம் மக எழுத்து வருது, ஒரு கட்டு எடுத்து வையும்" என்று சொல்லி வைத்தார். ஒரு பிரதி என்றால் ஒரு பிரதி என்று சொல்லத் தெரியாது அவருக்கு. மூட்டைக் கணக்கில் பழகியவர்.

வாரா வாரம் கடைக்காரர் எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "இந்த வாரமும் உம்ம மகளக் காணுமே!" சில வாரங்கள் கழித்து அப்பா அந்தக் கடைக்கு எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

முதல் கட்டுரை திரும்பி வந்தபோது ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். "நீ குற்றாலத்துக்காரப் பொண்ணு. சாரலப் பத்தி எழுதேன்." எழுதினேன். 'மலைமகள் சூடிய முத்துச்சரமாய் அருவி' என்று ஆரம்பித்தேன். 'சிலிர்க்கும் சாரல் என் கன்னத்தில் கவிதை எழுதியது' என்று முடித்தேன். அனுப்பிய பிறகும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. நேரில் பார்த்து இன்னும் கொஞ்சம் வர்ணனை சேர்க்கலாம் என்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

உப்பு நீர்த்துப்போகும் காலம்

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சேதி. எங்கள் தெருவில் சீசனில் யாரும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவதில்லை. எல்லாரும் குளித்துவிட்டு ஊருக்குப் போன பிறகு, தண்ணீர் மிச்சம் இருந்தால், ஒரு நாள் போவோம்.

சீசன் என்றால் எங்களுக்குத் துணி காயாது. பள்ளிக்கூடப் பாவாடையை இட்லிச் சட்டி மூடிமேல் போட்டுக் காயவைத்த நாட்கள் உண்டு. அதனால் சீசன் முழுக்க என் மேல் இட்லி வாடை அடிக்கும். உப்பு நீர்த்துப்போகும். தீப்பெட்டி உரசினால் பற்றாது. சுற்றி வைத்த பீடி ஈரம் ஏறி நமத்துப்போகும். அதைத் தணலில் காட்டிச் சூடாக்கிக் கொண்டுபோனாலும் பீடிக்கடையில் கழித்துத் தள்ளிவிடுவார்கள். சாரல் விழுந்தால் அம்மா மலையைப் பார்த்துத் திட்டுவாள். "ஒனக்கு வேற வேலையே இல்லையா?"

இதில் ஒரு வரிகூட என் கட்டுரையில் இல்லை. இட்லிச் சட்டி எல்லாம் கட்டுரைக்கு ஆகாது என்று நினைத்திருந்தேன்.

எஸ்தர் சித்தி வீட்டு ஹால்

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு எஸ்தர் சித்தி வீட்டு ஹால் ஞாபகம் வந்தது. சித்தி உறவு இல்லை. அடுத்த வீடு. அந்த ஹாலில்தான் தெருப் பெண்கள் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். மடியில் ஆளுக்கு ஒரு சுளகு, அதாவது முறம். அதில் ஒரு பக்கம் வெட்டிய இலை, ஒரு பக்கம் புகையிலைத் தூள். கை ஓடிக்கொண்டே இருக்கும். காதுக்கு வேலை இருக்காது.

நான் நடுநிலைப் பள்ளியில் படித்த காலத்தில் சித்தி வீட்டு டிவி ஒரு கோடை இடியில் போய்விட்டது. அந்தக் காதுகளுக்கெல்லாம் பொறுப்பு என்மேல் விழுந்தது. ஒரு வார இதழில் வந்த தொடர்கதையை நான் வாசிக்க வேண்டும். அவர்கள் கேட்பார்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண்பிள்ளைகள் பையை வைத்துவிட்டு ஒரு சுளகை எடுத்துக்கொண்டு உட்காருவது எங்கள் தெரு வழக்கம். எனக்கு மட்டும் விலக்கு. கையில் புத்தகம் இருக்கும்வரை மடிக்குச் சுளகு வராது. அதனால் நான் கவனமாக வாசித்தேன்.

வாசித்தேன் என்றா சொன்னேன்? அச்சில் இருந்தபடி வாசிக்க யார் விட்டார்கள்?

"'மேகங்கள் சூழ்ந்த அந்த மாலைப் பொழுதில், வித்யாவின் நெஞ்சில் இனம்புரியாத கலக்கம்...'"

"மேகத்த விடுட்டி," என்பாள் மாரியக்கா. அந்தக் கூட்டத்திலேயே வேகமாகச் சுற்றுகிறவள், வேகமாகப் பேசுகிறவளும் அவள்தான். "மாமியாக்காரி வந்தாளா இல்லையா?"

"வந்துட்டாக்கா."

"வந்து என்ன சொல்லுதா?"

அச்சில் அந்த மாமியார் ஆங்கிலத்தில் சலித்துக்கொள்வாள். நான், "என்னட்டி இது கோலம், வெளக்கு வைக்கிற நேரத்துல தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு" என்று வாசிப்பேன். "சண்டாளி" என்று நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள் மாரியக்கா. கதை சூடுபிடித்துவிட்டது என்று அர்த்தம்.

வித்யா தென்காசிக்கு வந்தாள்

சீசன் நேரத்தில் ஒரு வாரம் இதழ் கிடைக்கவில்லை. குற்றாலம் வந்தவர்கள் ஊர் திரும்பும்போது பஸ்ஸில் படிக்க எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்கு முந்தைய வாரம் வித்யாவை அவள் புருஷன் கன்னத்தில் அறைந்த இடத்தில் 'தொடரும்' போட்டிருந்தார்கள். தெருவே கொதித்துப்போய் இருந்தது. நான் வெறுங்கையோடு வந்து நின்றதும் மாரியக்கா சொன்னாள்: "புஸ்தகம் இல்லன்னா சும்மாவா நிப்பா? ஒரு சுளகை எடுத்து அவ மடியில வையி."

"இருக்கு, இருக்கு. வீட்டுல இருக்கு," என்று ஓடினேன். முந்தைய வாரத்து இதழையே எடுத்து, அட்டையை உள்பக்கமாக மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கையில் விரித்திருந்தது ஒரு தலைமுடித் தைல விளம்பரம்.

"வித்யா அழல," என்று ஆரம்பித்தேன். "ரெண்டு சேலைய எடுத்துப் பையில வச்சா."

ஹாலில் கைகள் மெதுவாகின.

"பிள்ளைய?" எஸ்தர் சித்தி.

"இடுப்புல வச்சுக்கிட்டா சித்தி."

"பால்புட்டிய எடுத்தாளா?"

தைல விளம்பரத்தைப் பார்த்தேன். "எடுத்துட்டா."

"எங்கன போறா?"

"பஸ் ஏறிட்டா. விடிஞ்சு பாத்தா... தென்காசி."

"தென்காசிக்கா! இங்கனயா வாரா?"

"பழைய பஸ் ஸ்டாண்டுலதான் எறங்குதா."

மாரியக்காவின் கை நின்றது. அதற்கு முன்பும் பின்பும் நான் அதைப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் உண்மையான இதழ் வந்தது. அதில் புருஷன் மன்னிப்புக் கேட்டிருந்தான். இவள் மன்னித்திருந்தாள். 'வித்யா ஆவி பறக்கும் காபியுடன் வந்தாள்' என்று வாசித்ததுதான் தாமதம்.

"எங்க வந்தா? அவதான் நம்ம ஊருல இருக்காளே!"

நான் விழித்தேன். பிறகு சொன்னேன். "ஆமாக்கா, இங்கதான். வீட்டுக்காரம்மாவுக்குக் காபி போட்டுக்கிட்டு வாரா. குத்துக்கல்வலசையில ஒரு ரூம் எடுத்துருக்கா."

அன்றிலிருந்து எனக்கு இரண்டு கதைகள். ஒன்றை வீட்டில் தனியாகப் படித்தேன். இன்னொன்றை ஹாலில், கையில் விரித்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அச்சில் இருந்த வித்யா புருஷனோடு கொடைக்கானல் போனாள். எங்கள் வித்யா வேலை தேடினாள். என்ன வேலை என்பதில் ஹாலே இரண்டுபட்டது. பூக்கட்டும் வேலை என்றார்கள், ஆஸ்பத்திரி வேலை என்றார்கள். அம்மா வழக்கமாகக் கதைக்குள் வாயைவிட மாட்டாள். அன்று மட்டும் சொன்னாள்: "பீடி மட்டும் வேண்டாம்."

ஒரு ஜவுளிக்கடையில் வேலை வாங்கிக் கொடுத்தேன்.

அச்சில் கதை முடிந்து 'முற்றும்' போட்ட பிறகும், எங்கள் வித்யா குத்துக்கல்வலசையில் இன்னும் சில வாரங்கள் வாழ்ந்தாள். டிவி பழுதுபார்த்து வந்த பிறகுதான் போனாள். ஆய்க்குடி முருகன் கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டுவிட்டு வந்ததோடு அவள் கதை நின்றது.

பிறகு நான் பெரிய பள்ளிக்கூடம், காலேஜ் என்று போய்விட்டேன். கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கினேன். முத்துச்சரம், கவிதை எழுதும் சாரல் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தவை.

பிரசங்கம் கேட்ட முகங்கள்

பஸ்ஸை விட்டு இறங்கினேன். வீட்டுக்குப் போகவில்லை. சொட்டச் சொட்ட எஸ்தர் சித்தி வீட்டுக்குப் போனேன். அதே ஹால். சுளகுகள் குறைந்திருந்தன. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா, சித்தி, மாரியக்கா, அப்புறம் சித்தியின் புது மருமகள் கவிதா.

"சித்தி, நான் ஒண்ணு வாசிக்கேன். கேக்குதீங்களா?"

"வாசி, வாசி," என்று சித்தி டிவியை நிறுத்தினாள்.

சாரல் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். என் வாழ்நாளில் அந்த ஹாலில் யாரும் குறுக்கே பேசாமல் நான் வாசித்தது அன்றுதான். மேகம் வந்தது, யாரும் விடச் சொல்லவில்லை. முத்துச்சரம் வந்தது, யாரும் கேள்வி கேட்கவில்லை. சர்ச்சில் வெளியூர்ப் போதகர் பிரசங்கம் செய்தால் சித்தி ஒரு முகம் வைத்துக்கொள்வாள். நாலு பேர் முகத்திலும் அதுதான் இருந்தது. கைகள் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை.

"நல்லாருக்குட்டி," என்றாள் சித்தி முடிவில். "யாரு எழுதுனாவ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்திருக்க வேண்டும். மாரியக்கா பயந்துவிட்டாள்.

"ஏட்டி, என்ன? எதுக்கு அழுத?"

"நான்தான் எழுதுனேன். அவரும் இதத்தான் கேட்டாரு. யாரு எழுதுனதுன்னு தெரியலையாம். வியாழக்கிழமைக்குள்ள வேற எழுதலன்னா அவ்வளவுதானாம். அப்பா கட்டு சொல்லி வச்சிருக்காரு."

"யாரு அந்த எடிட்டரா? என்ன சொன்னாவ? சரியாச் சொல்லு."

சொன்னேன். பாலிதீன் பையைக் காதில் வைத்துக் காட்டினேன். அவர் கத்தியதை அவர் குரலிலும், நான் கத்தியதை என் குரலிலும் கத்திக் காட்டினேன். சீப்பு விற்ற அக்கா "புருசனா?" என்று கேட்ட இடத்தில் சித்தி சுளகைத் தூக்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிரித்தாள். தூள் பறந்து எல்லாரும் தும்மினோம்.

"அந்தப் பொம்பளகிட்ட சீப்பாவது ஒண்ணு வாங்குனியா?"

"இல்லக்கா."

"ஒனக்காவப் பேசிருக்கா, ஒரு சீப்பு வாங்கல. நல்லா வெளங்கும்."

அப்போதுதான் அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "வித்யா கதை சொன்னவளுக்கு இது ஒரு வேலையாட்டி?"

நான் திடுக்கிட்டேன். "அது... புஸ்தகத்துல இருந்ததும்மா."

"புஸ்தகத்துல இருந்துச்சாம்! பக்கத்தத் திருப்பாம ஒரு மணி நேரம் வாசிச்சா எனக்குத் தெரியாதா? எனக்கு எழுத்துதான் தெரியாது. கண்ணு தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"அவ என்ன ஆவான்னு எனக்கும் தெரியணும்லா?"

மாரியக்கா வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி! அப்ப வித்யா தென்காசிக்கு வரவே இல்லையா? நான் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போம்போதெல்லாம் அவள நெனச்சிருக்கேனே!"

அப்பா பெஞ்சில் உக்காந்த கதை

எனக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்தது. அந்த ஈரச் சேலையோடே உட்கார்ந்து, கையில் எந்தத் தாளும் இல்லாமல், அப்பா என் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக மீட்டிங்குக்கு வந்த கதையைச் சொன்னேன். இந்தத் தொடரின் முதல் அத்தியாயம் அதுதான். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெற்றோர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டு, அப்பா எனக்குப் பக்கத்தில், சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சட்டை போட்டுருந்தாவ?" சித்தி கேட்டாள்.

"கல்யாணச் சட்டை."

"அது பட்டன் வயித்துல பூட்டாதே?" அம்மா.

"பூட்டல. என் நோட்டை வச்சு மறைச்சுக்கிட்டாரு."

"டீச்சர் ஒண்ணும் சொல்லலையா?"

"'நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க'ன்னு கேட்டாங்க. 'இன்னைக்குத்தான் மொத நாளு டீச்சர்'ன்னாரு."

சிரிப்பு அடங்க நேரமானது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சுளகில் இருந்த இலைகளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு, "அன்னைக்கு வந்து ராத்திரிச் சோறு திங்கல. பெஞ்சு நல்லாருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ," என்றாள்.

அது எனக்குத் தெரியாது. அத்தனை வருஷமாகத் தெரியாது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஸ்டாஃப் ரூம் மூலையில் உட்கார்ந்து அதை எழுதினேன். முதல் வரியிலேயே பேனா வழக்கம்போல வானத்துக்குப் போனது. 'கார்மேகம்' என்று எழுதிவிட்டேன். 'மேகத்த விடுட்டி' என்று காதில் விழுந்தது. அடித்தேன். கல்யாணச் சட்டையிலிருந்து தொடங்கினேன். அவர்கள் எங்கெல்லாம் குறுக்கே கேட்டார்களோ அங்கெல்லாம் கேட்கவிட்டேன். கேட்காத இடத்தில் நானே நிறுத்தி, இப்போது மாரியக்கா என்ன கேட்பாள் என்று யோசித்தேன். என்னிடம் பதில் இல்லாத இடங்களை எடுத்துவிட்டேன்.

முடித்தபோது மணி அடித்தது. திருப்பிப் படித்துப் பார்த்தேன். பரிசு வாங்கிய கட்டுரைகளைப்போல இல்லை. ஆனால் இதை யார் எழுதினது என்று யாரும் கேட்கமாட்டார்கள் என்று தோன்றியது. கெட்டதாகவே இருந்தாலும் இது நான் எழுதிய கெட்டதுதான் என்ற தைரியத்தில் அனுப்பினேன். அது திங்கட்கிழமை.

ஆசிரியர் வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். இந்த முறை மெதுவாகத்தான் பேசினார். "அந்த எஸ்தர் சித்தியப் பேசவிடு. வெட்டாத," என்றார்.  அந்தப் பக்கம் எனக்குத்தான் என்று அதிலிருந்தே புரிந்தது.

ஒரு கட்டு

முதல் அத்தியாயம் வந்த அன்று அப்பா அண்ணாச்சி கடைக்கு நேரே நடந்து போனார். கட்டை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். கையிலேயே தூக்கியிருக்கலாம். தோளில்தான் வைப்பேன் என்று பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் எஸ்தர் சித்தி வீட்டு ஹாலில் நான் இதழை விரித்தேன். அட்டையை மடிக்கவில்லை. அப்பா வாசலோரம் சுவரில் சாய்ந்து நின்றார், ஏதோ வேலையாக நிற்கிறவர்போல.

வாசிக்க ஆரம்பித்ததும் மாரியக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இரு. இவள நம்ப முடியாது. ஏட்டி கவிதா, நீ படிச்சவதான? அவ பக்கத்துல போய் உக்காரு. உள்ளத வாசிக்காளா, இட்டுக்கட்டுதாளான்னு பாரு."

புது மருமகள் வெட்கத்தோடு வந்து என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். அவள் விரல் வரிக்கு வரி கூடவே வந்தது. கல்யாணச் சட்டை வந்தது. நோட்டு வந்தது. எஸ்தர் சித்தி, "என்ன சட்டை போட்டுருந்தாவ?" என்று கேட்பது வந்தது. "என்ன, நான் கேட்டதுமா போட்டுருக்கு?" என்று சித்தி எழுந்தே நின்றுவிட்டாள்.

"அப்படியேதான் இருக்கு, அத்தை," என்றாள் கவிதா. "ஒரு எழுத்துகூட மாத்தல."

வாசலில் அப்பா தொண்டையைச் செருமினார். நான் அடுத்த வரியைத் தேடினேன். கண் கலங்கியதில் அது தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் அடுத்த வரியே இல்லை என்பதும் தெரியவில்லை.

அம்மா சுளகிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"ம். பக்கத்தத் திருப்பு."